நீர்த்தேக்கங்களில் அயல் மீனினங்களின் உணவுப் பழக்கம்: திலாப்பியாவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்திய, இலங்கை நீர்த்தேக்கங்களில் 1952ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய மொசாம்பிக் திலாப்பியா, உள்நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கும் இனம் என்றும், பயன்படாதிருந்த உணவை மக்களின் புரதமாக மாற்றிய இனம் என்றும் இருவேறாக மதிப்பிடப்படுகிறது. இவ்விரு மதிப்பீடுகளும் பெரும்பாலும் இரைப்பை ஆய்வையே சான்றாகக் கொள்கின்றன. இரைப்பையில் காணப்படும் பொருள், மீனுக்குப் பயன்படும் உணவு, இனங்களுக்கிடையிலான போட்டி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகப் பெற இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பராக்கிரம சமுத்திரம் உள்ளிட்ட இலங்கை நீர்த்தேக்கங்கள், தென்னாப்பிரிக்காவின் சிபாயா ஏரி, வெனிசுலாவின் வலென்சியா ஏரி, இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்தசாகர் ஆகியவற்றின் ஆய்வுகள் இதற்குச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அயல் மீனினம், திலாப்பியா, நீர்த்தேக்கம், மட்கு, இரைப்பை ஆய்வு, உணவு ஒற்றுமைக் குறியீடு

1. முன்னுரை

தமிழகத்தின் ஆற்றோர ஊர்களில் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படும் மொசாம்பிக் திலாப்பியா (ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ்), ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. இது 1952ஆம் ஆண்டு இலங்கையில் அறிமுகமானது. அதே ஆண்டில் அங்கிருந்து மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் வழி இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. 1960களில் தமிழகத்தின் பல நீர்த்தேக்கங்களில் இம்மீன் இருப்புச் செய்யப்பட்டது. அமராவதி போன்ற சிலவற்றில் இதுவே முதன்மை இனமாக நிலைபெற்றது.

ஓர் இனம் அயலானதா என்பதை நாட்டின் எல்லையைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் பொருந்தாது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை இந்தியப் பெருங்கெண்டைகள் எனப்பட்டாலும் காவிரிக்கு அவை அயலானவையே. ஆகவே, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கட்லாவின் உணவை ஆராய்வதும் அமராவதியில் திலாப்பியாவின் உணவை ஆராய்வதும் ஒரே வினாவின் இரு வடிவங்களாகும். புதிதாக வந்த மீன் எதை உண்கிறது? அது உண்பதால் வேறு எந்த மீனுக்கு உணவு குறைகிறது?

முதல் வினாவுக்கு விடை கண்டவுடன் இரண்டாவது வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டதாகக் கருதும் போக்கு ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. இருப்புச் செய்ய வேண்டிய இனங்களைத் தேர்வதும், ஓர் இனத்தைத் தடைசெய்வதும் இத்தகைய முடிவுகளைச் சார்ந்து அமைவதால், இப்பிழையின் விளைவு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. அது மீனவர் வருவாயையும் உள்நாட்டு இனங்களின் இருப்பையும் ஒருசேரத் தொடுகிறது.

2. நீர்த்தேக்கம் என்னும் உணவுக்களம்

நீர்த்தேக்கம் ஆறும் அன்று. இயற்கை ஏரியும் அன்று. ஆற்றின் குறுக்கே அணை எழும்போது ஓடும் நீர் நிற்கும் நீராகிறது. கல்லிலும் கரையிலும் ஒட்டி வளரும் பாசியையும் பூச்சிகளையும் சார்ந்திருந்த உணவு வலை, மிதவை உயிரிகளையும் அடியில் படியும் மட்கையும் சார்ந்ததாக மாறுகிறது. பாசனத்திற்காக நீர் திறக்கப்படும்போது கரைப்பகுதி வறண்டு, மீண்டும் நீர் ஏறும்போது அங்கு முளைத்த புல்பூண்டுகள் மூழ்கி அழுகுகின்றன. இவ்வாறு ஆண்டுதோறும் மட்கு புதுப்பிக்கப்படுகிறது.

ஆற்றில் வாழப் பழகிய உள்நாட்டு மீன்களுள் பல, இப்புதிய களத்தின் கரையோரத்தைப் பயன்படுத்துகின்றனவே அன்றி நடுநீரையும் அடிமட்கையும் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. அங்குள்ள நன்னீர் மீன்கள் பெரும்பாலும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் உரியவை. இதனைச் சுட்டிக்காட்டிய சி. எச். பெர்னாண்டோ, ஏரி வாழ்வுக்குத் தகவமைந்த இனங்கள் இன்மையே திலாப்பியாவின் வெற்றிக்குக் காரணம் என்று வாதிட்டார். வெற்றிடமாக இருந்த வாழ்சூழற் பங்கைத் திலாப்பியா நிரப்பியது என்பது இக்கருத்தின் சாரம்.

இது வலுவான கருத்து. ஆயினும் ஓர் உணவு வளம் பயன்படாதிருந்தது என்பதை, அறிமுகத்திற்குப் பின் எடுக்கப்பட்ட பிடிப்பு அளவுகளைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. அதற்கு இம்மீன் உண்ணும் முறையையும் செரிக்கும் முறையையும் தனித்தனியே அறிதல் வேண்டும்.

3. உட்கொள்ளலும் செரிமானமும்

திலாப்பியா நுண்துகள்களை வாய்வழி நீருடன் உள்ளிழுக்கிறது. செவுள் வளைவுகளில் சீப்புப் பற்கள் போல் அமைந்த முட்களும், வாயில் சுரக்கும் கோழையும் துகள்களைத் திரட்ட உதவுகின்றன. திரண்ட துகள்களைத் தொண்டை எலும்புகளில் உள்ள நுண்ணிய பற்கள் பின்னோக்கித் தள்ளுகின்றன. இம்முறையால் நீலப்பச்சைப் பாசி, டையட்டம், மட்குத் துகள், நுண்ணுயிரிப் படலம் ஆகிய அனைத்தையும் அது உட்கொள்ள முடிகிறது. இளங்குஞ்சுகள் மட்டும் விலங்கு மிதவையுயிரிகளையும் சிறு பூச்சிகளையும் மிகுதியாக நாடுகின்றன.

உட்கொள்ளலில் பல மீன்கள் திலாப்பியாவை ஒத்திருக்கலாம். வேறுபாடு இரைப்பையில் உள்ளது. நைல் திலாப்பியாவைக் குறித்து உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் மோரியார்டி 1973இல் வெளியிட்ட ஆய்வு, அதன் இரைப்பையின் பி.எச். மதிப்பு 2க்கும் கீழே இறங்குவதைக் காட்டியது. இக்கடும் அமிலத்தில் நீலப்பச்சைப் பாசியின் உயிரணுச் சுவர் சிதைகிறது. அதன் பின்னரே குடலின் நொதிகள் உள்ளிருக்கும் புரதத்தை அடைகின்றன. திலாப்பியாவின் குடல் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு நீண்டது என்பதும் இச்செரிமானத்திற்குத் துணைசெய்கிறது.

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கோ உண்மையான இரைப்பை இல்லை. எனவே அமிலச் சுரப்பும் இல்லை. கட்லா, ரோகு, வெள்ளிக் கெண்டை, சிறு கெண்டைகள் ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும். ஒரே நீரில் ஒரே நீலப்பச்சைப் பாசியை ஒரு கெண்டையும் ஒரு திலாப்பியாவும் விழுங்கினால், இரைப்பை ஆய்வு அட்டவணையில் இரண்டின் உணவும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அமிலத்தால் சுவரைச் சிதைக்கும் மீன் பெறும் ஊட்டமும், அவ்வசதி இல்லாத மீன் பெறும் ஊட்டமும் ஒன்றாகா. பராக்கிரம சமுத்திரத்தில் ஹோபரும் ஷீமரும் திலாப்பியாவையும் பூன்டியஸ் ஃபிலமென்டோசஸ் என்னும் உள்நாட்டுக் கெண்டையையும் இணைத்து ஆராய்ந்து, இரண்டின் உணவை மட்டுமன்றித் தன்மயமாக்கும் திறனையும் அளக்க முற்பட்டமையின் சிறப்பு இதனால் விளங்கும்.

மோரியார்டியின் ஆய்வில் மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இம்மீன் பகலில் உண்ணுகிறது. அமிலச் சுரப்பு உண்ணத் தொடங்கிய பின்னரே படிப்படியாக மிகுகிறது. எனவே காலையில் முதலில் விழுங்கிய பாசி, செரிக்கப்படாமல் பச்சை நிறத்துடனேயே குடலைக் கடந்து செல்லும். பின்னர் உண்டவையே நன்கு செரிக்கும். ஒரே நாளில், ஒரே மீனில், ஒரே உணவின் பயன்பாடு வேளைக்கு வேளை மாறுகிறது என்பது இதன் பொருள்.

4. ஒரே இனம், வெவ்வேறு உணவு

பாடநூல்கள் திலாப்பியாவைத் தாவர உண்ணி என்றோ அனைத்துண்ணி என்றோ ஒரு சொல்லில் வகைப்படுத்துகின்றன. மைத்திபேயும் டி சில்வாவும் இலங்கையின் 12 நீர்த்தேக்கங்களில் வாழும் வளர்ந்த மொசாம்பிக் திலாப்பியாக்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வகைப்பாட்டின் போதாமையை உணர்த்தியது. ஒரே இனத்தைச் சேர்ந்த, வளர்ச்சியடைந்த மீன்களே விலங்குணவு, தாவர உணவு, மட்குணவு என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றன என்பது அவர்களது கண்டறிதல்.

இம்முடிவிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு நீர்த்தேக்கத்தில் கண்ட உணவுப் பட்டியலை மற்றொரு நீர்த்தேக்கத்திற்கு எடுத்துச் செல்ல இயலாது. பராக்கிரம சமுத்திரத்தின் முடிவைக் கொண்டு அமராவதியை மதிப்பிடுவதும், அமராவதியைக் கொண்டு வைகையை மதிப்பிடுவதும் ஏற்புடையன அல்ல. இரண்டாவது, இந்நெகிழ்ச்சியே இவ்வினத்தின் பரவலுக்கு அடிப்படை. நீர்மட்டம் இறங்கி மிதவையுயிரிகள் குறையும் காலத்தில் மட்கை நாடவும், மட்கின் தரம் குறையும் இடத்தில் வேறொன்றை நாடவும் வல்ல மீன், ஆண்டு முழுவதும் ஏற்ற இறக்கமுடைய நீர்த்தேக்கத்தில் தாக்குப்பிடிக்கிறது. குறிப்பிட்ட ஓர் உணவை மட்டும் சார்ந்த இனத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இலங்கையில் 1970களின் நடுப்பகுதியில் நைல் திலாப்பியாவும் அறிமுகப்படுத்தப்பட்டது. இரண்டும் இனக்கலப்புற்ற கலப்பு மீன்களும் பதிவாகியுள்ளன. இத்தகைய நீர்நிலைகளில் திலாப்பியா என்று பொதுவாகக் குறிப்பிட்டு உணவை விவரிக்கும் ஆய்வு, தான் ஆராய்வது எந்த இனம் என்பதையே தெளிவுபடுத்தாததாகிவிடும்.

5. மட்கு என்னும் சொல்லின் போதாமை

இரைப்பை ஆய்வு அட்டவணைகளில் மட்கு என்று குறிக்கப்படுவது, நுண்ணோக்கியில் உருவம் காண இயலாத அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு தொகுப்புப் பெயராகும். அழுகிய இலைத் துகள், நுண்ணுயிரிகள் சுரந்த பசை, இறந்த பாசி, மண்துகளோடு ஒட்டிய கரிமப் பொருள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றின் ஊட்ட மதிப்பு ஒன்றன்று.

இதனை எஸ். எச். போவன் இரண்டு ஏரிகளில் மேற்கொண்ட ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன. தென்னாப்பிரிக்காவின் சிபாயா ஏரியில் மொசாம்பிக் திலாப்பியா இயற்கையாக வாழ்கிறது. அங்குக் கரையோர ஆழமற்ற பகுதியில் உண்ணும் இளமீன்கள் புரதம் மிகுந்த மட்கைப் பெறுகின்றன. வளர்ந்த மீன்கள் உண்ணும் ஆழப்பகுதி மட்கில் புரதம் குறைவு. எனவே இரைப்பை நிறைந்திருந்தும் அவை ஊட்டக்குறைவுக்கு உள்ளாகி, வளர்ச்சி குன்றுகின்றன. வெனிசுலாவின் வலென்சியா ஏரியிலோ இவ்வினம் அயல் இனமாகப் புகுந்தது. அங்கும் அதன் முதன்மை உணவு மட்கே. ஆயினும் அது நன்கு வளர்கிறது. அங்குள்ள மட்கில் புரதமாக அமையாத அமினோ அமிலங்கள் மிகுந்திருத்தலே அதற்குக் காரணம் என்று போவன் 1980இல் விளக்கினார்.

இரண்டு ஏரிகளிலும் உணவு அட்டவணையின் முதல் வரி மட்கு என்றே இருக்கும். மீன்களின் நிலையோ நேர்மாறானது. தமிழக நீர்த்தேக்கங்களில் திலாப்பியா சிறுத்துப்போவது பலரால் சுட்டப்பட்ட சிக்கல். இதற்கு மிகையான இனப்பெருக்கமே காரணம் என்று கூறுவது வழக்கம். அக்காரணம் பொருந்தலாம். ஆயினும் சிபாயா ஏரியின் படிப்பினையைக் கருதினால், மட்கின் புரத அளவை அளக்காமல் உணவுக் குறைபாட்டை விலக்கிவிட இயலாது. இவ்விரு காரணங்களுக்கும் உரிய தீர்வுகள் வேறுபட்டவை. முன்னதற்கு மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் தீர்வாகலாம். பின்னதாயின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் மட்கின் தரம் உயராது.

6. உணவு ஒற்றுமை போட்டியாகுமா?

இரு இனங்களின் உணவு எவ்வளவு ஒத்துள்ளது என்பதை அளக்க ஷோனர் 1970இல் முன்வைத்த குறியீடு பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வோர் உணவு வகையிலும் இரு இனங்களின் விகிதங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கூட்டி, அதில் பாதியை 1இலிருந்து கழிப்பது இதன் முறை. மதிப்பு 0.6க்கு மேற்பட்டால் ஒற்றுமை குறிப்பிடத்தக்கது என்று கொள்வது மரபு.

இக்குறியீடு உணவு வகைகளைப் பிரிக்கும் முறையைச் சார்ந்தது என்பதைக் கற்பனையான எண்களால் விளக்கலாம். ஓர் அயல் மீனின் உணவில் மட்கு 0.6, தாவர மிதவையுயிரி 0.3, விலங்கு மிதவையுயிரி 0.1 என்றும், உள்நாட்டு மீனின் உணவில் இவை முறையே 0.5, 0.2, 0.3 என்றும் கொள்வோம். வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 0.4, குறியீடு 0.8. இது மிகுந்த ஒற்றுமை. இப்போது மட்கைக் கரையோரப் படல மட்கு, ஆழப்படிவு மட்கு என்று இரண்டாகப் பிரிப்போம். அயல் மீனில் இவை 0.5, 0.1 எனவும், உள்நாட்டு மீனில் 0.1, 0.4 எனவும் அமைந்தால், வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 1.0, குறியீடு 0.5. மீன்களும் அவற்றின் உணவும் மாறவில்லை. ஆய்வாளரின் வகைப்பாடு மட்டுமே மாறியது; முடிவு தலைகீழாயிற்று.

உண்மையான ஒற்றுமை இருப்பினும் அதிலிருந்து போட்டியை உடனே பெற இயலாது. உணவு தேவைக்கு மிஞ்சியிருக்கும் இடத்தில் இரு இனங்கள் ஒன்றையே உண்ணலாம், எதற்கும் இழப்பில்லை. மாறாக, கடும்போட்டியால் ஓர் இனம் ஏற்கெனவே தன் உணவை மாற்றிக்கொண்டிருந்தால், குறியீடு தாழ்வாக அமைந்து போட்டியை மறைத்துவிடும்.

கோவிந்தசாகரின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சட்லெஜ் ஆற்றில் பக்ரா அணையால் உருவான இந்நீர்த்தேக்கத்தில், 1971ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அருகிலிருந்த மீன்பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை தற்செயலாகப் புகுந்தது. பின்னர் அது பெருகி முதன்மை இனமாயிற்று. கட்லாவின் பங்கு சரிந்தது. வெள்ளிக் கெண்டையின் செவுள் முட்கள் ஒன்றோடொன்று இணைந்து, கடற்பஞ்சு போன்ற வடிகட்டியாக அமைந்துள்ளமையால், மிக நுண்ணிய மிதவையுயிரிகளையும் அது திரட்டுகிறது. கட்லா விலங்கு மிதவையுயிரிகளை மிகுதியாக நாடும் மேல்நீர் மீன். இரண்டும் மிதவையுயிரி உண்ணிகளே என்பதால், போட்டியே கட்லாவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறத் தோன்றும்.

ஆனால் அதே காலப்பகுதியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1970களின் பிற்பகுதியில் பியாஸ்–சட்லெஜ் இணைப்புத் திட்டத்தின் வழி பியாஸ் ஆற்றின் குளிர்ந்த நீர் கோவிந்தசாகரை வந்தடையத் தொடங்கியது. வெள்ளிக் கெண்டை குளிர்நீரைத் தாங்கவல்லது. கட்லா வெப்பநீரை விரும்புவது. ஆகவே கட்லாவின் வீழ்ச்சியில் உணவுப் போட்டியின் பங்கு எவ்வளவு, வெப்பநிலை வீழ்ச்சியின் பங்கு எவ்வளவு என்பதை இரைப்பை ஆய்வால் மட்டும் பிரித்தறிய முடியாது. அணையும் அயல் மீனும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்த தமிழக நீர்த்தேக்கங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வலசைப்பாதை அடைபட்டதால் குறைந்த ஓர் ஆற்று மீனின் வீழ்ச்சியைத் திலாப்பியாவின் மீது ஏற்றிக் கூறும் வாய்ப்பு இங்கும் உண்டு.

7. கள ஆய்வுக்குரிய நெறிகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து, நீர்த்தேக்கங்களில் உணவுப் பழக்கத்தை ஆராய்வோர் கருத்தில் கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மாதிரி எடுக்கும் வேளை. நீர்த்தேக்க மீனவர்கள் மாலையில் செவுள் வலையிட்டு விடியலில் எடுப்பது பெருவழக்கு. பகலில் உண்ணும் மீனை விடியலில் வாங்கி ஆராய்ந்தால் இரைப்பை வெறுமையாகவோ, உள்ளிருப்பது உருவழிந்தோ காணப்படும். அதனை உணவுச்செறிவு குறைவு என்று பதிவுசெய்வது மீனின் பழக்கத்தைக் குறிப்பதாகாது. வலையின் நேரத்தையே குறிக்கும். பகல் முழுவதும் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மாதிரி எடுத்து, உடனே பதப்படுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, மீனின் நிலை. குஞ்சு, இளமீன், வளர்மீன் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். மொசாம்பிக் திலாப்பியாவின் பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்து அடைகாக்கும் காலத்தில் ஏறத்தாழ உணவு கொள்வதில்லை. அத்தகைய மீன்களை மற்றவற்றோடு சேர்த்துச் சராசரி காணின், பருவகால உணவு மாற்றம் என்னும் பொய்த்தோற்றம் உண்டாகும்.

மூன்றாவது, அளவிடும் முறை. எண்ணிக்கை முறை மட்கையும் பாசித் திரளையும் அளக்க உதவாது. எண்ணத்தக்க சிறு உயிரிகளை அது மிகைப்படுத்தும். பருமன் அளவை அல்லது ஹைன்ஸ் 1950இல் விளக்கிய புள்ளி முறை இங்குப் பொருத்தமானது. இயன்றவரை உணவின் புரத அளவையும் உடன் அளத்தல் நன்று.

நான்காவது, தன்மயமாக்கலுக்கான சான்று. இரைப்பை ஆய்வு சில மணி நேர உணவைக் காட்டும். தசையில் உள்ள கரிம, நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம், சில வாரங்கள் அல்லது மாதங்களில் உடலாக மாறிய உணவைக் காட்டும். நைட்ரஜன் 15இன் அளவு ஒவ்வோர் உணவு நிலைக்கும் சராசரியாக ஆயிரத்தில் 3.4 பங்கு உயர்வதாகக் கொள்ளப்படுகிறது. இரு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

ஐந்தாவது, உணவு வளத்தின் அளவு. நீரில் உள்ள மிதவையுயிரிகளையும் அடிமட்கையும் உடன் அளக்காத ஆய்வு, உணவு ஒற்றுமையைக் கூறலாம், போட்டியைக் கூறலாகாது.

8. முடிவுரை

திலாப்பியா தீங்கற்றது என்பதோ தீங்கானது என்பதோ இக்கட்டுரையின் முடிவன்று. எந்த நீர்த்தேக்கத்தில், எந்தப் பருவத்தில், எந்த அளவுள்ள மீன், எத்தரமான உணவை உண்டு, அதில் எவ்வளவைத் தன்மயமாக்குகிறது என்பதை அறிந்த பின்னரே அம்மதிப்பீட்டுக்கு இடமுண்டு. அமிலம் நிறைந்த இரைப்பையும் நெகிழ்வான உணவுப் பழக்கமும் பெற்ற இம்மீன், கெண்டைகளால் முழுதும் பயன்கொள்ள இயலாத வளத்தைப் பயன்படுத்துகிறது என்பதற்குச் செரிமான ஆய்வுகள் வலுச்சேர்க்கின்றன. அதே நெகிழ்ச்சி, தேவை நேரும்போது உள்நாட்டு மீன்களின் உணவுக்கும் அதனைத் திருப்பக்கூடும் என்பதை 12 நீர்த்தேக்கங்களின் ஆய்வு உணர்த்துகிறது.

நிலைபெற்றுவிட்ட ஓர் அயல் மீனை நீர்த்தேக்கத்திலிருந்து முற்றிலும் நீக்குதல் அரிது. ஆகவே இனி இருப்புச் செய்யப்படவுள்ள இனங்களைக் குறித்தே ஆய்வாளரின் பொறுப்பு மிகுதி. அமராவதி, வைகை, மேட்டூர், பவானிசாகர் ஆகிய ஒவ்வொன்றிலும் திலாப்பியாவையும் அதனோடு வாழும் கெண்டைகளையும் ஒரே காலத்தில், பகல் முழுவதும் மாதிரி எடுத்து, மட்கின் தரத்துடன் சேர்த்து ஆராய்வது முதற்பணியாக அமைதல் வேண்டும். அத்தகைய ஒப்பாய்வுகளே, அடுத்த இனத்தை நீரில் விடுவதற்கு முன் எழுப்ப வேண்டிய வினாக்களுக்கு அடித்தளமாகும்.